கருணை மனுவும் நியாய மனுவும்



தம் வாழ்நாள் சேமிப்பின் ஒரு பகுதியை ஒதுக்கி இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர், இதன் பேரால் ஆண்டுதோறும் நிகழும் சொற்பொழிவு கற்பவர்க்குப் பயன்படும் பொருளைப் பற்றியதாக இருத்தல் வேண்டும் என்னும் ஒரே நிபந்தனையை விதித்துச் சென்றார் என்று அறிகிறேன். இலக்கியமும் சரித்திரமும் பேசுவதற்கு என்னினும் தகுதி வாய்ந்தவர்கள் இவ்வூரில் பலர் இருக்கிறார்கள். தேர்வுப் பிரிவிலும் பதிவாளர் அலுவலகத்திலுமாக முப்பது ஆண்டுகள் மாணவர்களின் மனுக்களைப் படித்தும், அவற்றின்மீது குறிப்பு எழுதியும் காலம் கழித்தவன் என்ற முறையில், பல்கலைக்கழக மாணவன் ஒருவன் தனக்கு நேர்ந்த குறையை யாரிடம், எவ்வாறு, எந்தக் காலத்துக்குள் எடுத்துரைப்பது, தன்னைப் பாதிக்கும் உத்தரவை எதிர்த்து எவ்விதம் மேல்முறையீடு செய்வது என்னும் விஷயத்தையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

என் கண்ணெதிரே நிகழ்ந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. நான் பணிபுரிந்த பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். இணைப்புக் கல்லூரி ஒன்றில் படித்த மாணவி, ஒரு பாடத்தில் 41 மதிப்பெண் பெற்றுத் தேர்ச்சியின்றிப் போனாள். தேர்ச்சிக்கு 50 வேண்டும். அவள் மூன்று பக்கத்தில் மனு எழுதி அனுப்பினாள். தந்தையின் நோய், தாயின் கூலி, தம்பியின் படிப்பு, வளாக நேர்காணலில் கிடைத்திருந்த வேலை கைநழுவிப் போகும் நிலை ஆகியவை எல்லாம் அதில் இருந்தன. இறுதியில், தாங்கள் கருணை கூர்ந்து ஒன்பது மதிப்பெண் வழங்கி என் வாழ்வில் ஒளியேற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாள். கருணை மதிப்பெண்ணுக்கு விதியில் ஓர் எல்லை உண்டு. ஒன்பது என்பது அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருந்தது. ஆகவே, 'விதிகளில் இடமில்லை, கோரிக்கை ஏற்பதற்கில்லை' என்று இரண்டு வரி எழுதிக் கோப்பை மூடினேன். எழுதிய கை என்னுடையது.

ஒரு மாதம் சென்றபின் அதே மாணவியின் இரண்டாவது மனு வந்தது. இடையில் யாரோ ஒரு நல்ல ஆசிரியர் அவளை விடைத்தாளின் நகல் கேட்டுப் பெறச் செய்திருந்தார். இம்முறை மனு ஐந்து வரி. பதிவெண், பாடக் குறியீடு, தேர்வு நாள். பிறகு, 14-ஆம் வினாவின் 'ஆ' பிரிவுக்கு உள்தாளில் மதிப்பீட்டாளர் இட்ட 12 மதிப்பெண் முகப்புத் தாளின் கட்டத்தில் ஏறவில்லை, கட்டம் வெறுமையாக இருக்கிறது, நகல் இணைத்துள்ளேன், சரிபார்த்துத் திருத்திய மதிப்பெண் பட்டியல் வழங்குக என்ற அளவோடு முடிந்தது. மூல விடைத்தாளைக் கட்டிலிருந்து எடுத்து வரச் செய்து பார்த்தேன். சிவப்பு மையில் 12 என்று வட்டமிட்டிருந்தது. முகப்பில் அந்தக் கட்டம் காலி. 41 அன்று, 53. முதல் மனு வந்த அன்றே அந்தத் தாளை நான் எடுத்துப் பார்த்திருந்தால், அவளுக்கு அந்த ஒரு மாதக் கண்ணீர் இல்லை. ஆனால் முதல் மனு என்னைத் தாளைப் பார்க்கச் சொல்லவில்லை, இரக்கப்படச் சொல்லிற்று. இரக்கப்படுவதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. தாளைப் பார்ப்பதற்கு அதிகாரம் இருந்தது.

இரண்டு மனுக்களுக்கும் இடையே உள்ள இந்த வேற்றுமையைச் சொல்வதற்காகவே நான் இம்மேடைக்கு வந்திருக்கிறேன். நம் மாணவர்கள் எழுதும் மனுக்களில் மிகப் பெரும்பாலானவை கருணை மனுக்கள். உரிமையைக் கேட்க வேண்டிய இடத்தில் தயவைக் கேட்கிறார்கள். பிழையைச் சுட்ட வேண்டிய இடத்தில் வறுமையைச் சொல்கிறார்கள். வறுமை உண்மைதான், அதைச் சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. கல்வி உதவித்தொகைக்கும், கட்டணத் தவணைக்கும், விடுதிச் சலுகைக்கும் அதுவே ஆதாரம். ஆனால் மதிப்பீட்டில் நேர்ந்த பிழைக்கும், விசாரணையின்றி விதித்த தண்டனைக்கும், திருப்பித் தராமல் வைத்திருக்கும் சான்றிதழுக்கும் மாணவனின் குடும்ப நிலை என்ன சம்பந்தம்? செல்வர் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அந்தக் குறை குறைதானே?

இங்கே ஒரு பேதத்தை நுட்பமாக அறிந்துகொள்ள வேண்டும். ஒரு விடையின் தரம் எட்டு மதிப்பெண்ணுக்கு உரியதா பத்துக்கு உரியதா என்பது ஆசிரியரின் அறிவையும் அனுபவத்தையும் பொறுத்த தீர்மானம். அதை மாணவனோ, அலுவலகமோ, நீதிமன்றமோகூட எளிதில் மாற்ற முற்படுவதில்லை. மறுமதிப்பீடு என்பது விதியில் இருந்தால் உண்டு, இல்லையெனில் உரிமையாகக் கேட்க இயலாது என்று 1984-இல் மகாராஷ்டிரத் தேர்வு வாரியத்தைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. 2018-இல் உத்தரப் பிரதேச வழக்கொன்றிலும் நீதிமன்றங்கள் விடைத்தாளைத் திருத்தும் வேலையில் இறங்கலாகாது என்று வற்புறுத்திற்று. ஆனால் அந்தத் தீர்மானத்தை அடைந்த வழி வேறு விஷயம். ஒரு விடை திருத்தப்படாமலே விடப்பட்டதா, கூட்டல் தவறியதா, பாடத்திட்டத்துக்குப் புறம்பான வினா கேட்கப்பட்டதா, விடைக்குறிப்பே பிழையானதா என்பன எவரும் கண்ணால் கண்டு சரிபார்க்கத் தக்கவை. கான்பூர்ப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நுழைவுத் தேர்வில் தவறான விடைக்குறிப்பினால் மாணவர்கள் இடம் இழந்தபோது, பிழை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டால் சரியான விடை எழுதியவனைத் தண்டிப்பது அநீதி என்று 1983-இல் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியரின் மதிப்பீட்டோடு வாதிடுகிற மாணவன் பெரும்பாலும் தோற்கிறான். முறையில் நேர்ந்த பிழையைக் காட்டுகிற மாணவன் பெரும்பாலும் வெல்கிறான். இது என் அனுபவம்.

இனி, தண்டனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேர்வறையில் பிட் வைத்திருந்தான் என்று ஒருவனைப் பிடித்து, அவனிடம் ஒரு வார்த்தை கேளாமலே மூன்று பருவத்துக்குத் தேர்வெழுதத் தடை விதித்தால் அது செல்லுமா? கோவலனைக் கொல்வித்த பாண்டியனின் பிழை எது என்று சிறு வயதில் என் தமிழாசிரியர் வகுப்பில் கேட்டார். திருடனுக்குக் கொலைத்தண்டனை விதித்தது பிழை என்றோம். அன்று, கோவலனை ஒரு முறை அழைத்துக் கேளாததே பிழை என்றார் அவர். பொற்கொல்லனின் சொல் ஒன்றே போதுமென்று மன்னன் நினைத்தான். ஆராயாது விதித்த தண்டனையின் பாரம் தாங்காமல் தானும் மாய்ந்தான்.

பல்கலைக்கழகங்களின் வரலாற்றில் இதே பிழையைச் செய்து திருத்தப்பட்டது கேம்பிரிட்ஜ். டிரினிட்டி கல்லூரியின் தலைவராக இருந்த ரிச்சர்ட் பென்ட்லி பெரும் பண்டிதர். அதே அளவு பிடிவாதக்காரர். இறையியல் முனைவர் பட்டம் பெறுவோரிடம் அவர் கேட்ட நான்கு கினி கட்டணத்தைப் பற்றி எழுந்த வழக்கில், துணைவேந்தரின் மன்றத்தை அவமதித்தார் என்று சொல்லி, அவருக்குத் தம் பக்கத்தை எடுத்துரைக்க வாய்ப்பளிக்காமலே, 1718-இல் பல்கலைக்கழகம் அவருடைய பட்டங்களைப் பறித்தது. 1723-இல் அரச மன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. அந்த வழக்கில் நீதிபதி ஃபோர்ட்டெஸ்கியூ, ஏதேன் தோட்டத்தில் ஆண்டவனே ஆதாமை அழைத்து விசாரித்த பின்னரே தண்டித்தான் என்பதை எடுத்துக் காட்டினார். பென்ட்லி குற்றமற்றவரா என்பது அங்கே வினாவாகவில்லை. அவரைக் கேட்டார்களா என்பதே வினா.

நம் நாட்டில் அந்த நியாயம் மாணவனின் வாசல் வரை வந்த நாள் 1962-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உத்தரப் பிரதேசத்தில் 1954-ஆம் ஆண்டு இன்டர்மீடியட் தேர்வெழுதி இரண்டாம் வகுப்பில் தேறிவிட்ட மூன்று மாணவர்களுக்குச் சில மாதங்களுக்குப் பின் ஓர் அறிவிப்பு வந்தது. அவர்கள் காப்பியடித்ததாகத் தேர்வுக்குழு முடிவு செய்து தேர்ச்சியை ரத்துச் செய்திருக்கிறது, அடுத்த ஆண்டும் தேர்வெழுத முடியாது என்பது செய்தி. அதற்கு முன் அவர்களை எவரும் அழைத்துக் கேட்கவில்லை. விசாரிக்க வேண்டும் என்று எங்கள் விதியில் இல்லையே என்று வாரியம் வாதாடியது. விதி வாய் திறவாவிட்டாலும், ஓர் இளைஞனின் வாழ்நாள் முழுவதையும் கருகச் செய்யக்கூடிய முடிவை எடுப்பவர்களுக்கு, அவன் சொல்வதைக் கேட்கும் கடமை தானே வந்து சேர்கிறது என்பது ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வின் தீர்ப்பு. கனசியாம் தாஸ் குப்தா வழக்கு என்று சட்டம் படித்தோர் அதை அறிவர். ஆனால் எட்டே ஆண்டுகளில், பீகாரில் ஒரு தேர்வு மையத்தில் கூட்டமாகக் காப்பியடித்தார்கள் என்று அந்த மையத்தின் தேர்வு முழுவதும் ரத்துச் செய்யப்பட்டபோது, தனித்தனியே ஒவ்வொருவரையும் விசாரிக்கத் தேவையில்லை என்றும் அதே நீதிமன்றம் சொல்லிற்று. அங்கே எந்த ஒரு மாணவன்மீதும் குற்றம் சுமத்தப்படவில்லை, தேர்வுதான் நம்பகமற்றது என்று தள்ளப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நியாயத்தின் எல்லை விளங்கும்.

ஆகவே, ஒழுங்கு நடவடிக்கை எனத் தாள் கைக்கு வந்தால், மாணவன் முதலில் கேட்க வேண்டியவை இவை: என் மீது சுமத்திய குற்றம் என்ன, அதற்கு ஆதாரம் என்ன, நான் பதில் சொல்ல எத்தனை நாள்? அலுவலக வழக்கில் அதை விளக்கம் கோரும் குறிப்பாணை என்போம். அறைக் கண்காணிப்பாளர் அச்சுறுத்தி வாங்கும் 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்ற தாளில், உண்மையல்லாத வரியின் கீழே கையெழுத்திட எந்த மாணவனும் கடமைப்பட்டவனல்லன்.

குறையைக் கேட்கும் அமைப்புகளுக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2012-லும் 2019-லும் இயற்றிய விதிமுறைகளை மாற்றி, 2023 ஏப்ரலில் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் பேராசிரியர் ஒருவரைத் தலைவராகவும், நான்கு மூத்த ஆசிரியர்களை உறுப்பினராகவும் கொண்ட மாணவர் குறைதீர்ப்புக் குழு அமைய வேண்டும். அவர்களில் ஒருவரேனும் பெண்ணாகவும், ஒருவரேனும் பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பினராகவும் இருத்தல் வேண்டும். மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளராக அமர்வார். இக்குழு கூடுமானவரை 15 வேலை நாட்களுக்குள் தன் பரிந்துரையைத் தந்து, அதன் பிரதியை மாணவனுக்கும் அனுப்ப வேண்டும். அதில் மனநிறைவு கொள்ளாதவன் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆங்கிலத்தில் ஆம்பட்ஸ்பெர்சன் என்று வழங்கும் இப்பதவி, ஓய்வுபெற்ற துணைவேந்தர், நெடிய அனுபவமுள்ள ஓய்வுபெற்ற பேராசிரியர், முன்னாள் மாவட்ட நீதிபதி ஆகியோருக்கு உரியது. அவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நலன் சார்ந்த தொடர்பு எதுவும் இருத்தல் ஆகாது. அவர் 30 நாட்களுக்குள் தீர்க்க முயல வேண்டும். விசாரணைக்கு மாணவன் தானே வரலாம், தன் சார்பில் ஒருவரை அனுப்பவும் செய்யலாம்.

மறுமதிப்பீடு கோரும் மேல்முறையீட்டை அவர் சாதாரணமாக ஏற்கமாட்டார். முடிவையே பாதிக்கும் குறிப்பிட்ட முறைகேட்டையோ, பாரபட்சத்தையோ சுட்டிக் காட்டினால் மட்டுமே ஏற்பார் என்று விதி சொல்கிறது. சற்றுமுன் நான் சொன்ன பேதத்தையே விதியும் சொல்வதைக் காண்கிறீர்கள்.

எவை குறையாகக் கொள்ளப்படும் என்பதையும் அந்த விதிமுறைகளில் படித்துப் பாருங்கள். தேர்வு முடிவு அட்டவணைக்கு மாறாகத் தாமதமாவது, அறிவித்ததற்கு மேல் பணம் கேட்பது, உதவித்தொகை வந்தும் வழங்காதது எல்லாம் அதில் அடங்கும். மூலச் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கட்ட வற்புறுத்துவதும் அதில் உண்டு. இதை நான் சற்று அழுத்திச் சொல்கிறேன். இடையிலே படிப்பை விட்டுச் செல்ல நேர்ந்த பிள்ளைகள், டி.சி.யும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் கல்லூரி அலமாரியில் அடைபட்டுக் கிடக்க, மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்ற பேச்சுக்கு அஞ்சி நகையை அடகு வைத்ததை அறிவேன். மூலச் சான்றிதழைச் சரிபார்த்துத் திருப்பித் தந்துவிட வேண்டும், தம்மிடம் வைத்துக்கொள்ளலாகாது என்று மானியக் குழு 2018-இலேயே தனி அறிவிப்பாக வெளியிட்டிருக்கிறது. அந்த ஓர் அறிவிப்பின் நகலை மனுவோடு இணைத்துக் கொடுத்த மாத்திரத்தில் அலமாரி திறந்த கல்லூரிகளும் உண்டு.

ராகிங் தொல்லைக்கும் பாலியல் தொல்லைக்கும் இந்தக் குழு அன்று, தனி வழி உண்டு. 1996-இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொலையுண்ட கொடுமைக்குப் பிறகு, 1997-இல் ராகிங் தடைச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு. பாலியல் துன்புறுத்தல் பற்றிய முறையீட்டை 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்படும். இவற்றில் துறைத்தலைவரிடம் வாய்மொழியாகச் சொல்லி, அவர் பார்த்துக்கொள்கிறேன் என்றதை நம்பிக் காலத்தைக் கடத்திவிடலாகாது.

வாய்மொழியைப் பற்றிப் பேசியதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கவுன்ட்டரில் சொன்ன குறை கவுன்ட்டரோடு போய்விடும். எழுதி, நாளிட்டு, விடுநர் பெறுநர் குறித்து, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றொன்றில் 'பெறப்பட்டது' என்ற முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரை போட மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இணையவழி என்றால் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 15 நாள், 30 நாள் என்று விதி பேசுவதெல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். தேதியில்லாத மனுவுக்குக் காலக்கெடு ஏது? மனுவிலும் ஒருவரையும் வையாதீர்கள். இன்ன நாள், இன்ன நிகழ்ச்சி, இன்ன விதி, இன்ன பரிகாரம் என்று எழுதுங்கள். வசை இருக்கும் மனுவில் அலுவலர் வசையை மட்டுமே காண்பார். அதற்கு விளக்கம் கேட்டுத்தான் முதல் கடிதம் போகும்.

ஆதாரம் கையில் இல்லாதபோது, 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. தேர்வு எழுதியவன் தன் விடைத்தாளைப் பார்வையிடவும் சான்றிட்ட நகல் பெறவும் உரிமையுடையவன் என்று ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிற்று. ஆனால் விடைத்தாள்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் பாதுகாப்பதில்லை; அதற்குள் கேட்க வேண்டும். தேர்வில் குறை என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போவோர் சிலர். தேர்வு நடத்தும் வாரியம் சேவையை விற்பதில்லை, மாணவன் நுகர்வோன் அல்லன் என்று 2009-இலேயே தீர்ப்பாகிவிட்டதால், அந்த வழி மூடியது. எல்லா வழியும் அடைபட்டால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களும் வருமானத்தைக் கருதாமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியே கட்டணமின்றி வழக்கறிஞர் பெறலாம்.

இவ்வளவும் கேட்ட ஒரு மாணவன் மனத்துக்குள் கேட்கும் வினாவை நான் அறிவேன். 'எழுதிக் கொடுத்துவிட்டு நான் அந்தத் துறையிலேயே இன்னும் இரண்டாண்டு இருக்க வேண்டுமே, இன்டர்னல் மார்க்கில் கை வைத்துவிட்டால் என்ன செய்வேன்?' இந்த அச்சம் கற்பனையன்று. செய்முறைத் தேர்வையும் அகமதிப்பீட்டையும் கையில் வைத்திருக்கும் ஒருவரின்மீது குறை சொல்வது, ஆராய்ச்சி மாணவனுக்கு மும்மடங்கு கடினம். அவனுடைய ஆய்வேடு நெறியாளரின் ஒப்பமின்றி நகராது. இதற்கு என்னிடம் முழு மருந்து இல்லை. ஆயினும் இரண்டைச் சொல்வேன். ஒருவராக அல்லாமல் ஒரே குறை உடைய பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் எவரையும் தனியே குறிவைக்க இயலாது. மனு கொடுத்த நாளுக்கு முன்னும் பின்னும் பெற்ற அகமதிப்பீட்டுத் தாள்களைப் பாதுகாத்து வைத்தால், திடீரென்று மதிப்பெண் சரியும்போது அந்தச் சரிவே சாட்சியாக நிற்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, சென்னையின் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரையும் உறுப்பினராகக் கொண்டது. உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது தேர்வுமுறைச் சீர்திருத்தமாகவே இருக்க வேண்டும் என்பது அதன் திடமான கருத்து. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் அலுவலகங்கள் மாணவனுக்கு அனுப்பும் கடிதம் இன்னும் 'ஏற்பதற்கில்லை' என்ற ஒற்றைச் சொல்லில் முடிகிறது. ஏன் ஏற்பதற்கில்லை என்பதை நான்கு வரியில் எழுதினால் நம் கௌரவம் குறையுமா? காரணம் எழுத முற்படுகிறவன் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்தால் வெறுமையான கட்டம் கண்ணில் படும். நான் அன்று காரணம் எழுத முற்பட்டிருந்தால் அந்த விடைத்தாளைக் கட்டிலிருந்து எடுத்திருப்பேன். குறை சொல்லும் மாணவனைப் பணிவில்லாதவன் என்று நாம் கருதும் வழக்கம், குருகுலத்தின் எச்சமாகச் சிலருக்கு இனிக்கலாம். பல்கலைக்கழகம் விதியால் நடக்கும் நிறுவனம். விதியைக் கேட்பவனே அதன் நல்ல மாணவன்.

மாணவ மாணவியரே, குறைதீர்ப்புக் குழுவைப் பற்றியும் குறைதீர்ப்பாளரைப் பற்றியும் உங்கள் கல்லூரி தன் விவரக் கையேட்டில் தெளிவாக அச்சிட வேண்டும் என்பது விதி. நாளைக் காலை கல்லூரிக்குச் சென்றதும் அந்தக் கையேட்டையும் அறிவிப்புப் பலகையையும் பாருங்கள். பெயர்கள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், நாளிட்டு, இரண்டு பிரதி எடுத்து, முத்திரை பெற்று நீங்கள் கொடுக்கும் முதல் மனு அந்தப் பெயர்களைக் கேட்பதாக இருக்கட்டும்.